கூடையும் கிணறும்

மேலைநாட்டார் மார்ச்சு மாதம் பிறந்ததும் வசந்தம் வந்துவிட்டது என்று மகிழ்வர். பனியில் உறைந்து கிடந்த நிலம் அப்போதுதான் கண் விழிக்கின்றது. முதற் கீரை சந்தைக்கு வருவதே அவர்களுக்கு ஒரு திருவிழா. நம் முன்னோர் வகுத்த அறுவகைப் பருவங்களில் மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியவை. சித்திரையிலேதான் இளவேனில் புகும். ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரையில் கூடை நிறையும் காலம் இந்தப் பின்பனிக் காலமேயாகும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையைக் குடித்த மண், தையிலும் மாசியிலும் அதனைக் காயாகவும் கிழங்காகவும் திருப்பித் தருகின்றது.

இம்மாதங்களில் திருநெல்வேலிச் சந்தைக்கோ, சுன்னாகம், மருதனார்மடம் ஆகிய இடங்களிலுள்ள சந்தைகளுக்கோ ஒருமுறை சென்று பாருங்கள். தக்காளியும் கத்தரியும் பூசணியும் குவிந்து கிடக்கும். குளிர்நாட்டுப் பயிர்களென நாம் எண்ணும் கோவா, கரட், பீற்றூட் என்பனவும் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணிலிருந்து வந்திறங்கும். சின்ன வெங்காயம் பிடுங்குவதும் உருளைக்கிழங்கு கிண்டுவதும் இக்காலத்திலேதான். இவற்றுக்கிடையே கட்டுக் கட்டாகப் பனங்கிழங்கும் இருக்கும். மாமரங்களோ பூத்துப் பிஞ்சு பிடித்து நிற்கும். கறுத்தக்கொழும்பானின் சுவையை அறியச் சித்திரை வரையேனும் பொறுத்திருத்தல் வேண்டும்.

அண்மைக் காலமாக இச்சந்தைகளில் ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. “இது மருந்தடிக்காததோ? இயற்கைப் பசளையிலே விளைந்ததோ?” என்று வாங்குவோர் கேட்கின்றனர். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தோர் மட்டுமல்லர். உள்ளூர் ஆசிரியரும் எழுதுவினைஞரும் கேட்கின்றனர். இக்கேள்வி நல்ல கேள்வியே. ஆனால், எனக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் இதற்குத் தந்த மறுமொழி என்னைச் சிந்திக்க வைத்தது. “வாத்தியார், மருந்தடிக்காத கத்தரிக்காய் வேணுமெண்டு எல்லாரும் கேக்கினம். புழுக் குத்தின கத்தரிக்காயை ஆர் வாங்கினம்?” என்றார் அவர். வாங்குவோரின் விருப்பத்துக்கும் விளைவிப்போரின் வாழ்வுக்கும் இடையே உள்ள தூரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. அத்தூரம் எவ்வாறு ஏற்பட்டது, அதனை எவ்வாறு கடப்பது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயற்கைப் பசளை நமக்குப் புதியதன்று. பூவரசின் குழையையும் கிளுவையின் குழையையும் வெட்டி மண்ணில் தாழ்த்துவதும், பனையோலையைத் துண்டாக்கிப் புதைப்பதும், ஆட்டையும் மாட்டையும் பட்டியடைத்து அவற்றின் எருவைத் தோட்டத்துக்கே சேர்ப்பதும் குடாநாட்டு உழவர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவை. துலா மிதித்து நீரிறைத்த காலத்தில் எவரும் வேண்டிய அளவுக்கு மேல் நீர் பாய்ச்சியதில்லை. உடல் நோவே அதற்கு ஓர் அளவுகோலாயிற்று. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. அதனோடு யூரியாவும் வந்தது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு நல்ல காலம் பிறந்தது. கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றனர். ஒரு காணியில் ஆண்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல பயிர் எடுக்கும் வழக்கம் வலுத்தது. அவ்வேகத்துக்குக் குழையும் எருவும் ஈடுகொடுக்கவில்லை. பையில் வந்த பசளை ஈடுகொடுத்தது.

இயற்கைப் பயிர்ச்செய்கை அதன்பின் இருமுறை இங்கு திரும்பி வந்தது. இரண்டு முறையும் அது விருப்பத்தால் வரவில்லை. முதன்முறை, 1990க்குப் பின்னர்ப் போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் வந்தது. எரிபொருளும் இரசாயனப் பசளையும் தடைப்பட்ட பொருள்களாயின. கைவிடப்பட்ட துலாக்கள் மீண்டும் நிமிர்ந்தன. குழை வெட்டும் கத்திகள் மீண்டும் தீட்டப்பட்டன. தடை தளர்ந்ததும் தோட்டங்கள் மீண்டும் யூரியாவை நாடின.

இரண்டாம் முறை, 2021ஆம் ஆண்டில் அரசாணையால் வந்தது. 2019 தேர்தலின்போது, பத்தாண்டுக் காலத்தில் நாட்டைச் சேதனப் பயிர்ச்செய்கைக்கு மாற்றுவதாகக் கோத்தாபய இராசபக்சவின் கொள்கை அறிக்கை கூறியது. பத்தாண்டு என்பது அறிவுக்கு ஒத்த சொல்லே. ஆனால், 2021 மே மாதத்தில் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல் இரசாயனப் பசளைகளின் இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. பத்தாண்டுப் பணியை ஒரு போகத்துக்குள் முடிக்க எண்ணினர். சீனாவிலிருந்து சேதனப் பசளையென்று ஏற்றி வந்த கப்பலை, அதில் பயிருக்குத் தீங்கு செய்யும் நுண்ணுயிர் உண்டென்று கூறி அதிகாரிகள் ஏற்க மறுத்தனர். எனினும் 2022 சனவரியில் அதற்காக 60 இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டது. நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலை தளர்ந்தது. 2021 நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அதற்குள், இயற்கை என்ற சொல்லைக் கேட்டாலே உழவன் முகம் சுளிக்கும் நிலை தோன்றிவிட்டது. அவ்வாணையால் நேர்ந்த கேடுகளுள் கணக்கில் வராத கேடு இதுவென்பேன்.

அவ்வாணை ஏன் தோற்றது என்பதனை ஒரு சிறு கணக்கால் மாணவரும் அறியலாம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஆகவே, 50 கிலோ கொண்ட ஒரு பையில் 23 கிலோ நைதரசன் இருக்கின்றது. நன்கு மக்கிய கூட்டெருவிலோ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே உண்டு. ஒரு பை யூரியா தருகின்ற நைதரசனைப் பெறவேண்டுமாயின் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எரு வேண்டும். அவ்வளவு எரு எங்கே இருக்கின்றது? மாடுகள் குறைந்துவிட்டன. கிளுவையும் பூவரசும் நின்ற உயிர்வேலிகள் இருந்த இடத்தில் இப்போது சீமெந்து மதில்கள் நிற்கின்றன. மதில் குழை தருவதில்லை.

இவ்வளவு தடை உண்டென்றால் யூரியாவோடே காலங்கழித்தால் என்னவென்று சிலர் கேட்கலாம். வேறொரு நாட்டில் அவ்வாறு கேட்பதற்கு இடமிருக்கலாம்; யாழ்ப்பாணத்தில் இல்லை. காரணம் நம் காலடியிலேயே இருக்கின்றது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் மண்ணினூடே இறங்கி, கீழேயுள்ள சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அந்நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றைக் காணச் செல்லும் பிள்ளைகளுக்கு, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உண்டென்று நாம் வியப்போடு சொல்லிக் கொடுக்கின்றோம். வீட்டுக் கிணறும் தோட்டக் கிணறும் அதே பாறையின் நீரையே பகிர்ந்துகொள்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பயிர் உண்டு மிஞ்சிய நைதரசன், நைத்திரேற்று என்னும் வடிவில் நீரோடு கரைந்து இறங்குகின்றது. செம்பாட்டு மண் அதனைப் பிடித்து வைப்பதில்லை. வடிகட்டும் மணலடுக்கும் கீழே இல்லை.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளிலுள்ள கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்துவிட்டன என்பதை 1980கள் முதலாகவே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வந்துள்ளனர். அந்நீரைப் பாலில் கலந்து ஊட்டினால், பச்சிளங் குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். 2024ஆம் ஆண்டில் வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அதனை வரவேற்கின்றேன். ஆயினும், வானம் இலவசமாகத் தந்த நீரை நாமே கெடுத்துவிட்டுக் கடலிலிருந்து பெருஞ்செலவில் நீர் பெறும் நிலை, பெருமைக்குரியதா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பழியனைத்தும் யூரியாவைச் சேராது. நெருக்கமாக அமைந்த மலசலகூடக் குழிகளுக்கும் அதிற் பங்குண்டு. கோழியெருவையோ மாட்டெருவையோ அளவின்றிக் கொட்டினாலும் அதே நைத்திரேற்றே கிணற்றைச் சேரும். ஆகையால், ‘இயற்கை’ என்னும் பெயர்ப்பலகை ஒன்றே கிணற்றைக் காத்துவிடாது. எவ்வளவு இடுகின்றோம், எப்போது இடுகின்றோம், எவ்வளவு நீர் பாய்ச்சுகின்றோம் என்பனவே அதனைக் காக்கும்.

பிறர் எவ்வாறு செய்தனர் என்பதையும் நோக்குவோம். இந்தியாவின் சிக்கிம் மாநிலம் 2003ஆம் ஆண்டில் முழுமையான இயற்கை வேளாண்மையை இலக்காகக் கொண்டது; அவ்விலக்கை எட்டியதாக அறிவிக்கப்பட்டது 2016 சனவரியில். முன்னரே இரசாயனத்தைக் குறைவாகப் பயன்படுத்திய அம்மலைநாட்டுக்கே பதின்மூன்று ஆண்டுகள் வேண்டியிருந்தன. அங்கும் விளைச்சல் பற்றியும் சந்தை பற்றியும் உழவர்க்குக் குறைகள் உண்டு. தமிழ்நாட்டில் நம்மாழ்வார், 2013இல் மறையும் வரை, ஊர் ஊராக நடந்து உழவரோடு மண்ணில் அமர்ந்து பேசினார். தமிழ்நாட்டு அரசு தனது இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது 2023இல். முதலில் மனமாற்றம், பின்னர்ச் சட்டம் என்பதே அங்கு நிகழ்ந்த வரிசை. இலங்கையில் அது தலைகீழாயிற்று.

ஆதலின், மூன்றாம் முறை இயற்கைப் பயிர்ச்செய்கை நம்மிடம் வருமாயின், அது தடையாலும் ஆணையாலும் வராமல், நம் கிணற்றைக் காக்கும் அறிவால் வரவேண்டும். அதற்கு ஒரே நாளில் யூரியாவைத் துறக்கவேண்டியதில்லை. மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவைப் பல தவணைகளாகப் பிரித்து இடுவதே முதற்படி. மதிலுக்குள்ளேயாயினும் சீமைக்கிளுவையையும் பூவரசையும் நட்டுக் குழைக்கு வழிசெய்வது இரண்டாம் படி. இரசாயனத்தை விட்ட நிலம் சான்றிதழ் பெறுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருத்தல் உலக வழக்கு. விளைச்சல் குறையும் அவ்வாண்டுகளில் இழப்பைத் தோட்டக்காரன் ஒருவனே சுமத்தல் அறமன்று. சந்தையில் அவனுக்குத் தனியிடமும், ஏற்ற விலையும், புழுக் குத்திய ஒரு காயைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் நாம் தரவேண்டும்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதிற் சிறப்பான பணி ஒன்றுண்டு. நைத்திரேற்றை அறிந்துகொள்ளும் சோதனைத் தாள்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றாடலிலுள்ள கிணறுகளின் நீரை, மாரிக்கு முன் ஒருமுறையும் மாரிக்குப் பின் ஒருமுறையும் சோதித்து எழுதி வைக்குமாயின், சில ஆண்டுகளுள் குடாநாட்டு நீரின் வரலாறு நம் பிள்ளைகளின் கையெழுத்திலேயே கிடைத்துவிடும். தன் வீட்டுக் கிணற்றின் கணக்கைத் தன் மகள் படித்துக் காட்டும்போது கேளாத தோட்டக்காரன் எவனும் இருக்கமாட்டான். அரசாணையால் இயலாத ஒன்றை அக்கணக்கு செய்துவிடும் என்றே நான் நம்புகின்றேன்.