எந்த ஸ்டாப்பில் இறங்குகிறாய்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கிளம்பும் ஷேர் ஆட்டோவிலோ டவுன் பஸ்ஸிலோ ஏறிப் பாருங்கள். யாரும் உங்கள் சாதியைக் கேட்க மாட்டார்கள். கேட்கவும் தேவையில்லை. "எங்க இறங்கணும்?" என்ற ஒரு கேள்வி போதும். ஊர் ஸ்டாப் என்றால் ஒரு பார்வை, காலனி ஸ்டாப் என்றால் இன்னொரு பார்வை. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறோம். ஆனால் ஆவணத்திலிருந்து இறங்கிய சொல், பக்கத்து இருக்கைக்காரரின் கண்ணிலிருந்து இறங்க இன்னும் நாளாகும்.

இந்தக் கேள்வியே இல்லாத ஓர் இடத்தைக் காட்டுவதற்காக, நாங்கள் நடத்தும் மாலை வகுப்புப் பிள்ளைகள் 14 பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு அழைத்துப் போனோம். பத்தாம் வகுப்பும் பிளஸ் ஒன்னும் படிக்கிற பிள்ளைகள். அவர்களில் மெட்ரோ ரயிலில் முன்பே ஏறியிருந்தவர்கள் இரண்டே பேர். பேத்தியைத் தனியே அனுப்ப மனமில்லாமல் ஓர் ஆயாவும் கூடவே கிளம்பிவிட்டார். "சென்ட்ரலு எனக்குத் தெரியாதா? உங்க தாத்தாவ ஜி.ஹெச்.ல வெச்சிருந்தப்போ ஒரு மாசம் அங்கதான் கெடந்தேன்" என்றார்.

நம்மில் பலருக்குச் சென்னை அப்படித்தான் தெரியும். பெரியாஸ்பத்திரியாகத் தெரியும், கோர்ட்டாகத் தெரியும், கட்டட வேலையாகத் தெரியும். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்கு ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. மின்ரயில் ஓடுகிறது, கட்டணமும் குறைவு. ஆனாலும் வேலையோ நோயோ இல்லாமல் ஒரு நாள் நகரத்துக்குப் போய்ச் சுற்றிப் பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. "அங்க நமக்கு என்ன வேலை?" என்று நாமே நம் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். இது வறுமை மட்டும் சொல்லித் தருகிற வார்த்தை இல்லை. இந்தத் தெருவில் நடக்காதே, இந்தத் திண்ணையில் உட்காராதே என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்ட காதுகள், யாரும் தடுக்காத இடத்திலும் தாமாகவே நின்றுவிடுகின்றன.

சென்னை மெட்ரோ 2015 ஜூனில் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது. திருவொற்றியூர் வரை அது வர மேலும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் விம்கோ நகர் வரையிலான நீட்டிப்பு 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. 2018 வரை நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த பகுதிதான் திருவொற்றியூர். நம் வழியில் ஓடும் மின்ரயில் விம்கோ நகரில் நிற்கும். அங்கே இறங்கினால் மெட்ரோ நிலையம் நடந்து போகும் தூரம்தான்.

மாணவர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறோம். கவுன்ட்டரிலோ இயந்திரத்திலோ சீட்டு வாங்கலாம். தூரத்தைப் பொறுத்து 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை கட்டணம். கியூஆர் கட்டம் அச்சிட்ட அந்தத் தாளை வாயிலில் காட்டினால் கதவு திறக்கும். இறங்கும் நிலையத்திலும் அதையே காட்ட வேண்டும், எனவே நடுவில் கசக்கி எறிந்துவிடாதீர்கள். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் போவது நீல வழித்தடம். சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை போவது பச்சை வழித்தடம். இரண்டும் சந்திக்கும் இடங்களில் ஒன்று சென்ட்ரல் மெட்ரோ. எல்லாப் பலகையிலும் தமிழ் இருக்கிறது. தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

திருவொற்றியூர்ப் பக்கம் ரயில் தூண்களின் மேல் ஓடியது. பிள்ளைகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கீழே தெரிந்த மொட்டைமாடிகளைப் பார்த்தார்கள். பிறகு வண்டி பூமிக்கு அடியில் நுழைந்ததும் ஒரே கூச்சல். சென்ட்ரலில் இறங்கியபோது ஆயா நகரும் படிக்கட்டின் முன்னால் நின்றுவிட்டார். கால் வைக்கப் போவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். பின்னால் வந்த ஒரு பெண், அலுவலகப் பை தோளில் தொங்க, "வாங்கம்மா, என் கைய பிடிச்சுக்குங்க" என்று ஆயாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, மேலே போனதும் தன் வழியே போய்விட்டார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. ஆயா வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தன் ஊரில் கூலிப் பணத்தைக் கையில் கொடுக்காமல் மேலிருந்து போட்ட காலத்தைப் பார்த்தவர் அவர்.

இது சின்ன விஷயம் இல்லை. பொதுத்தெருவில் நடப்பதே நம் முன்னோருக்குப் போராட்டமாக இருந்தது. 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகிய எதையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தத் தடை கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அடுத்த மாதமே அரசாணையும் வந்தது. பேருந்துகள் ஓடத் தொடங்கிய காலத்தில் அவற்றிலும் நம்மை ஏற்ற மறுத்தார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்றாத பேருந்தின் உரிமம் போய்விடும் என்று உத்தரவு போட்ட பிறகே அங்கே கதவு திறந்தது. இன்று ஒரு தாளைக் காட்டினால் திறக்கிற கதவுக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

அந்த அரசாணை வந்து நூறாண்டு கடந்துவிட்டது. நம் வட்டாரத்தில் என்ன நிலை? கும்மிடிப்பூண்டியை அடுத்த ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் 2020 சுதந்திர தினத்தில் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகி நாடே பேசிய பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். தோக்கமூரில் நம் மக்களைத் தடுத்து நின்ற சுவர் அதே ஆண்டு அக்டோபரில்தான் இடிக்கப்பட்டது. கிராமத்தைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சொன்ன கடுமையான வார்த்தைகளைச் சிலர் இன்றும் மிகை என்கிறார்கள். தோக்கமூர்க்காரர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

சென்ட்ரல் மெட்ரோவிலிருந்து மேலே ஏறியதும் சுற்றியுள்ள இடங்களை நடந்தே பார்த்தோம். சிவப்புச் செங்கல்லில் நிற்பது விக்டோரியா மண்டபம். 1892இல் இங்கே கூடிய மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து, சிவன் கோயிலுக்குள்ளும் விஷ்ணு கோயிலுக்குள்ளும் எங்கள் மக்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். சபையில் எதிர்ப்புக் கிளம்பியது. அவர் அத்துடன் விடவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடுங்கள், தரிசு நிலம் கொடுங்கள் என்றும் கேட்டார்.

பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை, சென்னை மாநகராட்சியின் தலைமையகம். 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை இங்கே மேயரானார். பட்டியல் சாதியிலிருந்து வந்த முதல் மேயர் அவர்தான். 1945இல் ந. சிவராஜ் மேயரானார். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திய இந்த அறிஞர், அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவராக அம்பேத்கருடன் நின்றவர். 2022 மார்ச்சில் ஆர். பிரியா அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண் ஆனார். எங்களுடன் வந்த பிளஸ் ஒன் மாணவி, "இதெல்லாம் பாடப் புத்தகத்துல ஏண்ணா இல்ல?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

ஆனால் அதே மாளிகையின் வாசலில் இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து இந்த நடைபாதையில்தான் 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் நம் மக்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. உள்ளே நாற்காலியிலும் நாம், வெளியே நடைபாதையிலும் நாம். நகரம் நமக்குக் கொடுத்ததும் கொடுக்காததும் ஒரே வாசலில் தெரிந்தன.

நகரத்தில் சாதி இல்லை என்று சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. அன்று மதியம் ஓர் உணவகத்தில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்ததும், உட்காரும் முன்பே காசு கட்டச் சொன்னார்கள். பக்கத்து மேசைக்காரர்களிடம் அப்படிக் கேட்கவில்லை. நகரத்தில் சாதி ஸ்டாப்பின் பெயரைக் கேட்பதில்லை. செருப்பைப் பார்க்கிறது, பேச்சைக் கேட்கிறது, வாடகை வீடு தேடிப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேரடியாகவே கேட்கிறது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. காசைக் கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம், "எல்லாருக்கும் ஒரே முறையை வையுங்க" என்றும் சொல்லிவிட்டு வந்தோம். ஊரில் இதைச் சொல்லியிருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்காது.

திரும்பும்போது மூர் மார்க்கெட் வளாகத்துக்கு வந்தோம். நம் மின்ரயில்கள் வந்து நிற்கும் அந்த இடத்தில்தான் பழைய மூர் மார்க்கெட் இருந்தது. 1985இல் அது எரிந்துபோனது. அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. எம்.ஏ. தமிழ் படித்த நாட்களில் பாதிப் புத்தகங்களை அங்கேதான் பேரம் பேசி வாங்கினோம். கிராமத்திலிருந்து வந்த ஒருவனுக்கு நூலகத்தின் வாசலைத் தாண்டப் பயம் இருந்தது. நடைபாதைப் புத்தகத்தைப் புரட்டப் பயம் இல்லை. நகரம் என்பது நமக்கு அப்படித் திறந்த கதவுகளில் ஒன்று.

இந்த ஒரு நாளை வைத்துச் சில கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் படிக்கும் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு நாளாவது இப்படி அழைத்துப் போக வேண்டும். வண்டலூரும் மெரினாவும் போதாது. சீட்டு வாங்குவது, வழித்தடம் பார்ப்பது, அலுவலகத்தில் நுழைந்து கேள்வி கேட்பது எல்லாம் பாடம்தான். கல்லூரிக்கும் நேர்முகத் தேர்வுக்கும் முதன்முதலாகத் தனியே போகிற பிள்ளை, வழி தெரியாத பயத்திலேயே பாதி தோற்றுவிடக் கூடாது.

இரண்டாவது, மூன்று மெட்ரோ நிலையங்களுக்கு 2020இல் முன்னாள் முதலமைச்சர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. சென்ட்ரல் மெட்ரோவின் நீண்ட சுவர்களில் ஓரிடத்தில் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், சிவசண்முகம் பிள்ளை, சிவராஜ் ஆகியோர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் செய்ததைச் சொல்லும் ஒரு பலகை வைத்தால் போதும். அவர்கள் நின்ற இடத்துக்கு அடியில்தான் தினமும் இத்தனை ஆயிரம் பேர் நடக்கிறார்கள்.

மூன்றாவது, இரண்டாம் கட்ட மெட்ரோ மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகிறது. கணினி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வேண்டியதுதான். கும்மிடிப்பூண்டியிலும் ஒரு சிப்காட் இருக்கிறது. அங்கே ஷிப்டு முடித்து வருகிற ஒப்பந்தத் தொழிலாளிகள், உள்ளூர்ப் பெண்களும் வடமாநில இளைஞர்களும், இருட்டில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறார்கள். மெட்ரோ கேட்பது பேராசை என்றால், ஷிப்டு நேரத்துக்கு ரயில் நிலையம் வரை ஒரு பேருந்தாவது விடுங்கள்.

அன்று இரவு கும்மிடிப்பூண்டியில் இறங்கி பஸ் ஏறினோம். நடத்துநர் வழக்கம்போல் "எங்க?" என்றார். பதினான்கு பேரில் ஒருவன் ஊர்ப் பெயரை மட்டும் உரக்கச் சொன்னான். "ஊரா, காலனியா?" என்று அடுத்த கேள்வி வந்தது. "ரெண்டும் ஒரே ஊர்தாண்ணா" என்றான் அவன். பஸ்ஸில் யாரும் எதுவும் பேசவில்லை.

படித்து வேலையில் இருக்கும் நம் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் உங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு இந்த ரயிலில் ஏறுங்கள். பெரிய செலவில்லை. முடிந்தால் ஓர் ஆயாவையும் அழைத்துப் போங்கள்.