‘தண்ணி பட்டா வாரண்டி கிடையாது சார்’: மாடுலர் கிச்சன் கம்பெனி இப்படிச் சொன்னா என்ன செய்யலாம்?

புது வீட்டுக்குக் குடிபோய் ஒரு வருஷம் தாண்டியிருக்கும். சிங்க் கீழே இருக்கிற கேபினெட்டோட அடிப்பலகை உப்ப ஆரம்பிக்கும். எட்ஜ் பேண்ட் பிரிஞ்சு தொங்கும், கதவு ஒழுங்கா மூடாது. கம்பெனிக்கு போன் பண்ணினா ஒருத்தர் வந்து போட்டோ எடுத்துட்டுப் போவார். நாலு நாள் கழிச்சு பதில் வரும்: "வாட்டர் டேமேஜ் சார், வாரண்டில கவர் ஆகாது."

நிறைய பேர் இதோட விட்டுடறாங்க. கம்பெனியே சொல்லிடுச்சு, கார்டுலயும் அப்படித்தான் இருக்கு, இனி என்ன பண்றதுன்னு லோக்கல் கார்பெண்டரைக் கூப்பிட்டு இன்னொரு 40,000 செலவு பண்றாங்க. என்னைக் கேட்டா, இந்த வேலை எல்லாத்துக்கும் கடைசியா செய்ய வேண்டியது. சொல்லப்போனா, பழைய பலகையைக் கழட்டி எறிஞ்ச நிமிஷமே உங்க சாட்சியத்தையும் எறிஞ்சுட்டீங்க.

முதல்ல அந்த வாரண்டி கார்டைப் பார்ப்போம். "10 வருட வாரண்டி"ன்னு முன்பக்கம் பெருசா போட்டிருப்பாங்க. பின்பக்கம் படிச்சா, அந்த 10 வருஷம் பெரும்பாலும் பலகையோட கோருக்கு மட்டும்தான்னு தெரியும். கரையான், பூச்சி அரிப்பு மாதிரி ஒண்ணு ரெண்டு விஷயத்துக்குத்தான் அது பொருந்தும். ஹின்ஜ், சேனலுக்குத் தனிக் கணக்கு. ஒட்டின வேலைக்கு, ஃபிட்டிங்குக்கு ஒரு வருஷம். தண்ணி, ஈரம், "தவறான பயன்பாடு" எல்லாம் விலக்கு. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, இந்த கார்டு அனேகமா முழுப் பணமும் கட்டி முடிச்ச பிறகுதான் கையில வரும். நீங்க பணம் கொடுக்க முடிவு பண்ணினது கார்டைப் பார்த்து இல்லை, கொட்டேஷனைப் பார்த்து.

அதனால சண்டையை கார்டுல ஆரம்பிக்காதீங்க, கொட்டேஷன்ல ஆரம்பிங்க.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10)ல பொருளின் குறைபாடுன்னா என்னன்னு விளக்கம் இருக்கு. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரம் இல்லைன்னா குறைபாடு. அதோட, விற்றவர் எந்த வகையில் சொல்லியிருந்தாலும் சரி, சொன்ன தரம் இல்லைன்னா அதுவும் குறைபாடுதான். அந்த "எந்த வகையில்" என்பது நமக்கு ரொம்ப முக்கியம். பிரவுச்சர், கொட்டேஷன், சேல்ஸ் ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பின மெசேஜ் எல்லாமே இதுக்குள்ள வரும். கொட்டேஷன்ல "பிடபிள்யூபி, ஐஎஸ் 710"னு எழுதியிருக்காங்களா? ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம். பிடபிள்யூபின்னா கொதிநீரையும் தாங்கும் ஒட்டுன்னு அர்த்தம். அந்தப் பேரைச் சொல்லி ஸ்கொயர் ஃபீட்டுக்குக் கூடுதல் விலை வாங்கிட்டு, பாத்திரம் கழுவுற இடத்துல ஈரம் பட்டதால பலகை போச்சுன்னு சொல்றது எனக்கு நியாயமா படலை.

நான் பார்த்த ஒரு கேஸ் சொல்றேன். என் கிளையண்ட் ஒருத்தர், கிச்சனுக்கு 3,80,000, ஜிஎஸ்டி 18% 68,400, மொத்தம் 4,48,400 கொடுத்திருந்தாங்க. 14 மாசத்துல மூணு பாக்ஸ் உப்பிடுச்சு. கம்பெனி வாட்டர் டேமேஜ்னு கையை விரிச்சுடுச்சு. நான் அவங்ககிட்ட கேட்டது ஒண்ணுதான்: "மேடம், சிங்க் கீழ பைப் போறதுக்கு பலகைல ஓட்டை வெட்டியிருப்பாங்க, அந்த வெட்டு ஓரத்தை நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுங்க." பிளைவுட்டா இருந்தா வெட்டின ஓரத்துல அடுக்கடுக்கா தெரியும். இதுல அடுக்கே இல்லை, மரத்தூளை அழுத்தின மாதிரி இருந்தது. கொட்டேஷன்ல எழுதினது ஒண்ணு, சமையலறையில இருக்கிறது வேற. இதுக்கப்புறம் "தண்ணி பட்டதா இல்லையா" என்ற பேச்சுக்கே வேலை இல்லை. போட்டோ, கொட்டேஷன், பில் மூணையும் வச்சு ஒரு நோட்டீஸ் போனது. மூணு பாக்ஸையும் மாத்திக் கொடுத்தாங்க. நஷ்ட ஈடு தரலை. அவங்களும் அதோட போதும்னு முடிச்சுக்கிட்டாங்க. கோர்ட் வரைக்கும் போயிருக்கலாமேன்னு எனக்குத் தோணினது உண்மை, ஆனா வீட்டுல சமைக்கணுமே!

இன்னொரு பக்கமும் சொல்லணும். சிங்க் டிரெயின் ஆறு மாசமா சொட்டுச்சு, நீங்க அடியில பக்கெட் வச்சு சமாளிச்சீங்கன்னா, கம்பெனி சொல்றதுல நியாயம் இருக்கு. அந்த கேஸை நான் எடுத்துட்டுப் போகச் சொல்ல மாட்டேன்.

சரி, எப்படிப் போறது? போன்ல பேசறதை நிறுத்துங்க. எல்லாத்தையும் இமெயில்ல கேளுங்க: எந்த விதியின் கீழ மறுக்கறீங்க, ஆய்வு அறிக்கை எங்கே, பயன்படுத்தின பலகையோட பிராண்டும் கிரேடும் என்ன, வாங்கின பில் காட்ட முடியுமா. கடைசிக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வர்றது அபூர்வம். பதில் வரலைன்னாலும், நீங்க கேட்டது பதிவுல இருக்கும்.

இதுல நேரமும் முக்கியம். பிரிவு 69 படி, புகாருக்கான காரணம் எழுந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும். "அடுத்த வாரம் ஆள் அனுப்பறோம் சார்"னு அவங்க இழுக்கற ஒவ்வொரு மாசமும் உங்க கணக்குல இருந்துதான் கழியுது. தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு, ஆனா தகுந்த காரணம் காட்டணும். அதை நம்பி உட்காராதீங்க.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்க. சில கம்பெனிகள் அதுலயே இறங்கி வந்துடும். வரலைன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனியோட தலைமை அலுவலகம் பெங்களூர்ல இருந்தாலும், நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். நீங்க கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்கணும்னு கட்டாயமும் இல்லை. மேலே சொன்ன 4,48,400 கிச்சனுக்கு, கோர்ட் கட்டணம் பூஜ்யம். கேட்கிற தொகையில மட்டும் நிதானமா இருங்க. மாத்த ஆகிற செலவுக்கு வேற கார்பெண்டர்கிட்ட எழுத்துல எஸ்டிமேட் வாங்கி, அதை வச்சுக் கேளுங்க. 40,000 வேலைக்கு மன உளைச்சல்னு 20 லட்சம் போட்டா உங்க புகாரோட மதிப்புதான் குறையும்.

கிச்சனை பில்டரே போட்டுக் கொடுத்திருந்தா கதை வேற. அது விற்பனை ஒப்பந்தத்துல இருந்தால், ரெரா சட்டம் பிரிவு 14(3) படி, வீட்டை ஒப்படைச்ச நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள சுட்டிக்காட்டுற வேலைத்தரக் குறைபாட்டை 30 நாளுக்குள்ள செலவில்லாம சரிசெய்யறது பில்டரோட பொறுப்பு. "அது கிச்சன் வெண்டர்கிட்ட பேசிக்கோங்க"ன்னு சொன்னா, உங்க ஒப்பந்தம் யாரோடன்னு மட்டும் திருப்பிக் கேளுங்க.

இப்போ ஒரு ஆடிட்டரா எனக்கு எரிச்சல் வர்ற விஷயம். "பில் இல்லாம பண்ணினா 18% மிச்சம் சார்." மேலே சொன்ன கணக்குல 68,400. பெரிய காசுதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த 68,400க்கு நீங்க விக்கிறது உங்க கேஸையே. யார் வித்தாங்க, என்ன பலகை, எவ்வளவு வாங்கினாங்க எதுக்கும் காகிதம் இல்லை. ரொக்கமா கொடுத்திருந்தா இன்னும் மோசம். ஏற்கெனவே பில் இல்லாம பண்ணிட்டீங்கன்னா கதவு முழுசா மூடிடலை. ஜிபே, பேங்க் டிரான்ஸ்ஃபர், வாட்ஸ்அப்ல வந்த கொட்டேஷன் எல்லாத்தையும் எடுத்து வைங்க. பில் கொடுக்காததே பிரிவு 2(47)ல முறையற்ற வணிக நடவடிக்கைன்னு இருக்கு. அதையும் புகார்ல சேர்க்கலாம்.

கிச்சனை இஎம்ஐல வாங்கினவங்க கோபத்துல தவணையை நிறுத்திடாதீங்க. கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் உங்களுக்கும் தனி ஒப்பந்தம். பலகை உப்பினது அவங்க பிரச்சினை இல்லை, உங்க சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும். தவணையைக் கட்டிக்கிட்டே கேஸைப் போடுங்க, கட்டின வட்டியையும் நஷ்டக் கணக்குல சேர்த்துக் கேளுங்க.