விழுந்த மரமும் வில்லு ஆசையும்

புயல் ஓய்ஞ்சா நம்ம பக்கம் ரெண்டு கூட்டம் கிளம்பும். விழுந்ததெல்லாம் விறகுன்னு ரம்பத்தோட வர்றது ஒண்ணு. "அடடா, இதுல ஒரு வில் செய்யலாமே"ன்னு வர்றது இன்னொண்ணு. நான் ரெண்டாவது கட்சி. ஆனாலும் நம்ம கட்சிக்காரங்களுக்குத்தான் சொல்றேன்: புயல்ல ஒடிஞ்ச மரத்தை வில்லுக்கு நம்பாதீங்க.

2016 டிசம்பர் 12-ல வர்தா. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ், அது மாமல்லபுரம் பக்கத்துலயே கரையைக் கடந்துச்சு. மரத்துக்குப் பஞ்சமே இல்லை. பேர் தெரிஞ்சவங்களுக்குத்தான் பஞ்சம்.

கடலோரத்துல அதிகம் பாக்கறது சவுக்கு. அதுல ஊசி இலை மாதிரி தெரியறது இலையே இல்லைங்க, பச்சைக் குச்சி. இழுத்தா கணுக்கணுவா கழண்டு வரும். கணுவைச் சுத்திப் பொடிப்பல்லு மாதிரி இருக்கே, அதுதான் இலை. ஊருக்குள்ள பூவரசு. இதய வடிவ இலை, வாடும்போது சிவக்கற மஞ்சப்பூ. சாலையோரம் மயில்கொன்றை. அது காத்துக்கே முறியற சாதி, விட்டுடுங்க.

சவுக்கு கனமான, உறுதியான மரம்தான். பசிபிக் தீவுக்காரங்க அதுல கதையும் ஈட்டியும் செஞ்சிருக்காங்க. ஆனா ஈட்டி வளைய வேண்டியதில்லை, வில் வளையணும். வளைஞ்சுட்டுத் திரும்பவும் நிமிரணும். சவுக்கோ காயும்போதே வெடிக்கும், முறுக்கிக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. காத்துல மரம் வளையும்போது, வளையற பக்கத்து நார் நசுங்கிடும். நாரோட்டத்துக்குக் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு, அவ்ளோதான். பட்டையோட பாத்தா தெரியாது, இழைச்ச பிறகுதான் தெரியும். நாண் இழுக்கறப்போ வில்லோட வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். பழைய காயம் இருந்தா அங்கேயே படார்னு முறியும். முறியற இடம் உங்க முகத்துக்கு நேரே! பசங்க கையில அதைக் கொடுப்பீங்களா?

சரி, ஆசை விடலையா? இடத்துக்காரர்கிட்ட கேளுங்க, பொது இடம்னா அனுமதி வாங்குங்க. நடுவுல ஒடிஞ்சதை விட்டுட்டு, வேரோட சாஞ்ச மரத்துல கணு இல்லாத, நேரான ஆறடித் துண்டா பாருங்க. ரம்பம் வேண்டாம், ஆப்பு வெச்சுப் பிளங்க. நார் எப்படி ஓடுதுன்னு மரமே காட்டிடும். முறுக்கிப் பிளந்தா அது விறகு. நேராப் பிளந்தா ரெண்டு முனையிலயும் மெழுகு பூசி நிழல்ல போடுங்க, மாசக்கணக்கா.

என்னைக் கேட்டா மூங்கில்தான். நம்ம நாட்டுப் போட்டிகள்ல 'இந்தியன் ரவுண்ட்'னு 30 மீட்டர், 50 மீட்டர்ல எய்யறது இன்னிக்கும் மூங்கில் வில்லாலதான்.

ஒண்ணு கவனிச்சீங்களா? 'சிலை'ன்னா வில். அதே சொல்லுக்கு ஒருவகை மரம்னும் அகராதியில பொருள் இருக்கு. எய்யறதுக்கு முன்னால மரத்தைத் தெரிஞ்சவங்க நம்மாளுங்க. நாம ரம்பத்தைத்தான் முதல்ல எடுக்கறோம் :-)

மாற்றுக்கருத்து இருந்தா வாங்க, சண்டை போடலாம்.