சீமை நகரில் ஜாகை தேடல்

நம் கலாசாலையில் பட்டம் பெற்றவருள் சிலர் ஆண்டுதோறும் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்து செல்கின்றனர். புறப்படுமுன் அவர்கள் எத்தனையோ விஷயங்களை விசாரிக்கின்றனர். எந்தச் சர்வகலாசாலை சிறந்தது, கட்டணம் எவ்வளவு, குளிருக்கு எத்தகைய மேலங்கி வேண்டும், அரிசியும் மிளகாய்ப் பொடியும் அங்குக் கிடைக்குமோ என்றெல்லாம் கேட்கின்றனர். எந்தப் பேட்டையில் குடியிருப்பது என்னும் வினாவோ பெட்டி கட்டி முடித்த பின்னரே எழுகின்றது. அப்பொழுதும் அதற்கு விடை காண்பவர் அவரல்லர். முன்னரே சென்ற நண்பர் ஒருவரின் சொல்லோ, கைப்பேசித் திரையில் தோன்றும் சில படங்களோ அவருக்காக முடிவு செய்துவிடுகின்றன. விரிவுரை கேட்பது வாரத்திற்குச் சில மணி நேரமே. குடியிருக்கும் தெருவோடு உள்ள உறவோ இராப்பகலாய்த் தொடர்வது. ஆதலின் இவ்விஷயத்தைக் கடைசியில் வைப்பது தவறு என்பதை எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஒரு நகரை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். இங்கிலாந்தில் இலண்டனுக்கு அடுத்தபடியாக மக்கட்டொகை மிக்கது பர்மிங்ஹாம் மாநகரம். 2021 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்வோர் 11 லட்சத்து 44 ஆயிரத்திற்கு மேற்பட்டோர். அங்குப் புதிதாக வந்திறங்கும் மாணவனுக்கு இரண்டு உபதேசங்கள் தவறாமல் கிடைக்கும். "இன்ன பேட்டை பொல்லாதது, அங்கே தலைவைத்தும் படுக்காதே" என்பது ஒன்று. "நம்மவர் இருக்கும் இடத்திலேயே நீயும் இருந்துவிடு" என்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தால் பிறந்தவையே. ஆயினும் இவற்றை அப்படியே ஏற்றுக்கொள்பவன் தன் வாழ்வின் ஒரு பகுதியைச் செவிவழிச் செய்தியிடம் ஒப்படைத்துவிடுகின்றான். தன் கால்களால் நடந்து, தன் கண்களால் கண்டு, தன் வரவு செலவைக் கொண்டு அளந்த பின்னரே ஒருவன் தன் பேட்டையைத் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து.

முதல் உபதேசத்தை முதலில் நோக்குவோம். பேட்டைகளின் நற்பெயரும் கெடுபெயரும் வானத்தினின்று விழுந்தவை அல்ல. நகரின் தென்மேற்கிலுள்ள எட்ஜ்பாஸ்டன் இன்றும் மரங்கள் அடர்ந்து செல்வச் செழிப்புடன் விளங்குகின்றது. 19 ஆம் நூற்றாண்டில் அந்நிலத்திற்கு உரியவராயிருந்த கால்தார்ப் குடும்பத்தார், அங்கே தொழிற்சாலைகள் எழும்ப இடங்கொடாமையே அதற்குக் காரணம். வடமேற்கிலுள்ள வின்சன் கிரீன் பகுதிக்கோ, 1849 இல் திறக்கப்பட்ட சிறைச்சாலையே அடையாளமாயிற்று. தொழிற்சாலைப் புகை மறைந்து நெடுநாளாயிற்று. அப்புகை எழுதிவைத்த பெயர்கள் மட்டும் மறையவில்லை.

இதற்கு எதிரான சான்றும் அந்நகரிலேயே உண்டு. சாக்லேட் வியாபாரத்தால் நாம் அனைவரும் அறிந்த காட்பரி சகோதரர்கள் 1879 இல் தங்கள் தொழிற்சாலையை நகரின் நெருக்கடியினின்று வெளியே கொண்டுசென்று, அவ்விடத்திற்குப் போர்ன்வில் எனப் பெயரிட்டனர். ஜார்ஜ் காட்பரி அதனையடுத்துத் தோட்டத்தோடு கூடிய வீடுகளை எழுப்பி, 1900 இல் அவற்றை ஒரு தருமக் குழுவிடம் ஒப்புவித்தார். வெறும் வயலாய்க் கிடந்த இடம் நன்மக்கள் விரும்பும் பேட்டையாயிற்று. ஆகவே பேட்டையின் குணம் மனிதர் செய்வது, மனிதர் மாற்றுவது.

அச்சம் முழுதும் வீணென்று யாம் கூறவில்லை. இரவில் தனித்து வீடு திரும்பும் மாணவிக்கு அச்சம் ஓர் அறிவுரையே. ஆனால் அச்சத்தையும் ஆராய்ந்து கொள்ளலாகும். அந்நாட்டுப் போலீசார் 2011 முதல் தெருவாரியாகக் குற்றக் கணக்கை வலைத்தளத்தில் வெளியிட்டு வருகின்றனர். பேட்டையின் பெயரைப் பாராமல், தான் குடியேறக் கருதும் தெருவையும் அங்கிருந்து ஸ்டேஷனுக்குச் செல்லும் வழியையும் அதில் பார்த்தல் நலம். அதனைப் பார்க்கும்போதும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். கடைகளும் கேளிக்கை விடுதிகளும் நிறைந்த வீதியில் கணக்கு மிகுந்தே தோன்றும். ஏனெனில் அங்கு வசிப்போரைக் காட்டிலும் வந்துபோவோர் தொகை பெரிது. ஒரே பேட்டையில் ஒரு தெரு அமைதியாகவும் அடுத்த தெரு ஆரவாரமாகவும் இருத்தல் அங்குச் சாதாரணம்.

இனி இரண்டாவது உபதேசம். ஹாண்ட்ஸ்வொர்த்தில் பஞ்சாபியரும், ஸ்பார்க்புரூக்கில் பாகிஸ்தானியரும் திரண்டு வாழ்தலைக் காண்பவர், இனம் இனத்தோடு சேர்ந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவர். ஆனால் அது பாதி உண்மையே. 1968 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, நிறத்தைக் காரணமாக்கி வீடு கொடுக்க மறுப்பது அந்நாட்டில் சட்ட விரோதமன்று. பர்மிங்ஹாமை அடுத்துள்ள ஸ்மெதிக் என்னும் ஊரில், மார்ஷல் வீதியின் காலி வீடுகளை நகர சபையே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் கொடுப்பதென்னும் யோசனை எழுந்தது. அவ்வீதியைக் காண 1965 பிப்ரவரியில் அமெரிக்க நீக்ரோத் தலைவர் மால்கம் எக்ஸ் நேரில் வந்தார். மற்றத் தெருக்களின் கதவுகள் அடைக்கப்பட்டமையால் ஒரு தெருவில் திரண்டவர் பலர். அவர்கள் தம்முள் உதவி செய்து, கடைகளும் ஆலயங்களும் அமைத்து அத்தெருக்களை வாழத்தக்கவை ஆக்கினர். அவ்வுழைப்பின் பயனை இன்று செல்லும் நம் மாணவர் அனுபவிக்கின்றனர். அதற்கு நன்றி பாராட்டுதல் கடன்.

ஆயினும், அவர்களுக்கு வேறு வழியின்மையால் நேர்ந்ததை நாம் விரும்பித் தேடும் அரணாக ஆக்கிக்கொள்ளலாமோ? முதல் மாதத்தில் தாய்மொழி பேசும் ஒருவர் அருகிருத்தல் மருந்து போன்றது. மருந்தையே உணவாக்கிக் கொண்டால் உடல் தேறாது. ஒரே அறையில் நால்வர் தமிழர், உண்பதும் உரையாடுவதும் அவர்களோடே எனக் காலங்கழித்துப் பட்டத்தோடு திரும்புபவர், அந்நாட்டில் தங்கினாரேயன்றி வாழ்ந்தவர் ஆகார். நம்மவரோடு கூடுதற்கு அவர்கள் தெருவிலேயே இருத்தல் வேண்டுமென்பதுமில்லை. நகரெல்லைக்கு வெளியே டிவிடேலில் உள்ள வேங்கடேசுவரர் ஆலயத்திற்கு அன்பர்கள் பல பேட்டைகளினின்றும் வந்து வணங்கிச் செல்கின்றனர்.

அங்ஙனமாயின் எதனைக் கொண்டு தெரிவது? முதலாவது கணக்கு. குடிக்கூலியை மட்டும் ஒப்பிடுபவர் ஏமாறுவர். குடிக்கூலி, பிரயாணச் செலவு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு, வழியில் கழியும் நேரம் ஆகிய நான்கையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். எட்ஜ்பாஸ்டனிலுள்ள பர்மிங்ஹாம் சர்வகலாசாலைக்கென்றே ஒரு புகைவண்டி ஸ்டேஷன் உண்டு. அடுத்துள்ள செல்லி ஓக்கில் மாணவர் நெருங்கி வாழ்கின்றனர். ஆனால் அதே இருப்புப்பாதையில் தெற்கே கிங்ஸ் நார்ட்டன், நார்த்பீல்டு, வடக்கே எர்டிங்டன் முதலிய பேட்டைகளும் உள்ளன. அங்கிருந்து வண்டி மாறாமலே வரலாம். படத்தில் அருகே தோன்றும் வேறோர் இடத்தினின்று இரண்டு பஸ் மாறவேண்டி நேரலாம். ஆகவே மைலை எண்ணாது நிமிஷத்தை எண்ணுக. வீட்டின் வெப்பச் சிக்கனத்தை ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஏழு எழுத்துக்களால் குறிக்கும் சான்றிதழ் ஒன்று உண்டு. முதலெழுத்து மிகச் சிறந்தது. ஏழாவது மிகத் தாழ்ந்தது. 2020 முதல், சில விலக்குகள் நீங்கலாக, ஐந்தாம் எழுத்திற்குக் கீழ்ப்பட்ட வீட்டை வாடகைக்கு விடலாகாது. அதனைக் கேட்டுப் பார்த்தல் நம் உரிமை.

இரண்டாவது காட்சி. ஒரு தெருவைப் பகலில் ஒரு முறையும் இருட்டிய பின் ஒரு முறையும் நடந்து பார்த்தல் வேண்டும். டிசம்பர் மாதத்தின் நடுவில் அங்கு மாலை 4 மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுகின்றான். செப்டம்பர் வெயிலில் இனிதாய்த் தோன்றிய ஒற்றையடிப் பாதை, மூன்று மாதங்கழித்துக் கலாசாலையினின்று திரும்பும் வேளையில் இருள் சூழ்ந்திருக்கும். விளக்குகள் எரிகின்றனவா, கடை எத்தனை மணிக்கு மூடுகின்றது, கடைசி பஸ் எப்பொழுது, நூல்நிலையமும் மருத்துவரும் எவ்வளவு தூரம் என்பவற்றை நேரில் சென்றே அறியலாம்.

மூன்றாவது சட்டம். காணாத வீட்டிற்குப் பணம் அனுப்பற்க. யாமும் முதன்முறை சென்றபோது படங்களைக் கண்டு மயங்கி, முன்பணம் அனுப்பிய பின்னரே விமானம் ஏறினோம். படத்தில் வெண்மையாயிருந்த சுவர் நேரில் ஈரம் ஊறிக் கருத்திருந்தது. பத்து நிமிஷ வழி என்றது நாற்பது நிமிஷமாய் முடிந்தது. எம் இழப்பு சிறிது. வீடே இல்லாத விலாசத்திற்குப் பணம் அனுப்பிவிட்டுத் தெருவில் நிற்பவரும் உளர். இங்கிலாந்தில் 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக் குடிக்கூலி 50,000 பவுனுக்குக் குறைந்த வீட்டிற்கு ஐந்து வாரக் கூலிக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது; வீட்டை நமக்காக நிறுத்திவைப்பதற்கு ஒரு வாரக் கூலிக்கு மேல் கேட்கலாகாது. தனித்த வீடாயின், பெற்ற முன்பணத்தை 30 நாட்களுக்குள் அரசாங்கம் அங்கீகரித்த காப்புத் திட்டமொன்றில் வீட்டுக்காரர் சேர்த்தல் வேண்டும். வெவ்வேறு குடும்பத்தினர் ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ சமையலறை முதலியவற்றைப் பொதுவாகக் கொண்டு வாழும் வீட்டிற்கு நகர சபையின் அனுமதிச் சீட்டு வேண்டும். இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவென நம் மாணவர் கூசுகின்றனர். அந்நாட்டார் அவ்வாறு கருதுவதில்லை.

"நடந்து பார்த்து முடிவு செய்ய நாளும் பணமும் வேண்டுமே, நிலத்தை ஈடு வைத்து வந்தவன் எங்ஙனம் அது செய்வான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. இதற்கு எம் விடை இரண்டு. கூடுமாயின் முதலாண்டில் சர்வகலாசாலை விடுதியிலேயே இடம் பெறுக. வெளியிலுள்ள பேட்டைகளை அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம். அது கூடாதாயின், இங்குப் பழைய மாணவர்க்கு ஒரு கடமை உண்டு. அந்நகரங்களில் வாழும் நம் கலாசாலைச் சகோதர சகோதரியர், புதிதாக வருபவருக்கு ஒரு பேட்டையின் பெயரைச் சொல்லி அனுப்புவதோடு நில்லாது, அவர் எண்ணிய வீட்டை ஒரு மாலை நேரம் தாமே சென்று பார்த்து உள்ளது உள்ளபடி எழுதுவாராக. ஒரு மணி நேர உழைப்பு ஒரு குடும்பத்தின் கடனைக் காக்கும்.

முடிவாக ஒன்று. தென்னிந்தியத் திருச்சபையின் பேராயர்களுள் ஒருவராய் மதுரை இராமநாதபுரத்திலும் பின்னர்ச் சென்னையிலும் தொண்டாற்றிய லெஸ்லி நியூபிகின் 1974 இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். ஐந்தாண்டு செல்லி ஓக்கில் கற்பித்தார். அதன் பின், எழுபது வயதை எட்டிய நிலையில், பலரும் விலகிச் செல்லும் வின்சன் கிரீனில், அச்சிறைச்சாலைக்கு எதிரே இருந்த சிறு சபையொன்றின் பொறுப்பை ஏற்றார். நம் மாணவர் அனைவரும் அங்கே குடியேறவேண்டுமென யாம் சொல்லவில்லை. ஒரு பெயரைக் கேட்டு அவர் பின்வாங்கவில்லை என்பதே நாம் கற்கத்தக்கது. தனக்குப் பிறன் யாரென வினவிய நியாயசாஸ்திரிக்கு இயேசுநாதர் சமாரியன் கதையைக் கூறி, பிறனாய் நடந்துகொண்டவன் யாரென்று கேள்வியைத் திருப்பிவிட்டார். பேட்டையைத் தேடுவோரும் அவ்வாறே கேள்வியைத் திருப்பிக் கொள்ளலாம். கணக்கும் கண்ணும் சட்டமும் கொண்டு நல்ல தெருவைத் தேடுக. அடைந்த பின், இத்தெருவினர்க்கு யாம் எத்தகைய அயலார் எனத் தம்மையே கேட்டுக்கொள்க. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டித் தம் பெயரைச் சொல்லாதவருக்கு எந்தப் பேட்டையும் அந்நியமே.