பந்தி விசாரணையும் பதவி விசாரணையும்

தென்மாவட்டச் சேகரம் ஒன்றின் தேர்தல் துண்டறிக்கை அண்மையில் நம் கைக்கு வந்து சேர்ந்தது. எந்தச் சேகரம், எந்த அணி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த அணியோடு நின்றுவிடும். வழவழப்பான தாள். மேலே சிலுவை, கீழே ஒன்பது முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் பட்டம், தொழில், தந்தையார் பெயர். ஊழியத்துக்கென்றே தம்மை அர்ப்பணித்துக்கொண்ட இவ்வொன்பதின்மரையும் ஒருவர் விடாமல் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது வேண்டுகோள். தாளைத் திருப்பினோம். பின்பக்கத்திலும் வாழ்த்துகளே. இதே அணி முன்பு பொறுப்பிலிருந்த ஆண்டுகளில் வந்த காணிக்கை எவ்வளவு, செலவு எவ்வளவு, பள்ளிக்கூடக் கட்டடம் ஏன் பாதியில் நிற்கிறது என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. எதிரணியின் அறிக்கையையும் தேடிப் பெற்றோம். முந்தையவர்கள் சபைப் பணத்தைத் தின்றுவிட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. எவ்வளவு என்ற தொகை அதிலும் இல்லை.

இவ்வமைப்பை அறியாத வாசகருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தென்னிந்தியத் திருச்சபையில் சபைகள் பல சேர்ந்தது சேகரம். சேகரங்கள் சேர்ந்தது திருமண்டலம். அதற்குத் தலைவர் பேராயர். ஒவ்வொரு படியிலும் குருமாரோடு, சபையாரால் தேர்ந்தெடுக்கப்பட்ட பொதுநிலையினரும் அமர்கிறார்கள். பொதுவாக, திடப்படுத்தல் பெற்று, சங்கக் காணிக்கையை நிலுவையின்றிக் கட்டியவருக்கே வாக்கு. அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபைகளில் இதற்கு இணையான குழுவை வெஸ்ட்ரி என்பர். குருவானவரின் அங்கிகள் தொங்கும் அறைக்கு உரிய பெயர் அது. இங்கிலாந்தில் சபையார் அவ்வறையில் கூடி ஊர்க் காரியம் பேசியதால் கூட்டத்துக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

இந்தத் தேர்தல்களைப் பற்றி இரண்டு குரல்களை நாம் ஓயாமல் கேட்டுவருகிறோம். 'திருச்சபையில் தேர்தல் எதற்கு? அது ஆவிக்குரிய காரியம். பேராயர் தக்கவர்களை நியமித்துவிட்டுப் போகட்டும்' என்பது பக்திமான்களின் குரல். 'பெரும்பான்மை எங்கள் பக்கம், ஜெயித்தவன் ஆள்வான், கேள்வி கேட்பவன் அடுத்த தேர்தலுக்கு வரட்டும்' என்பது அணித்தலைவர்களின் குரல். இரண்டும் எதிரெதிர்க் குரல்கள் போலத் தோன்றும். ஆனால் சபையார் கணக்குக் கேட்கக்கூடாது என்பதில் இரண்டுக்கும் ஒரே கருத்துத்தான். ஆகவே இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

'இதைப் பேச நீங்கள் யார்?' என்றொரு மூன்றாம் குரல் எழும் என்பதை அறிவோம். நம் குழுவில் ஞானஸ்நானம் பெற்றவரும் உண்டு, கானாடுகாத்தான் வட்டாரத்தில் நகரக் கோயிலுக்குப் புள்ளிவரி கட்டும் குடும்பத்தவரும் உண்டு. ஆனால் பேசும் உரிமை அதனால் மட்டும் வருவதன்று. திருமண்டலங்கள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம். சம்பளம் தருவது அரசு. அப்பணம் எல்லாச் சமயத்தாரும் கட்டும் வரி. அங்கே படிப்பவர் எல்லாத் தெருப் பிள்ளைகளும். சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு காக்கிறது, காக்கவும் வேண்டும். அவ்வுரிமை ஒரு சமூகத்துக்கு உரியது. அச்சமூகத்தின் பெயரால் தாளாளர் நாற்காலியைப் பிடித்தவருக்கு உரியதன்று.

முதலில் பக்திமான்களுக்கு விடை சொல்வோம். திருச்சபையில் தேர்தல் என்பது நேற்று வந்த நோய் அன்று. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். எருசலேம் சபையில் அன்றாடம் உணவு பங்கிடப்பட்டது. அதில் கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அதட்டவில்லை. தாங்களே ஆள் நியமிக்கவும் இல்லை. சபையாரைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். சபை தெரிந்துகொண்டது, அப்போஸ்தலர்கள் கைவைத்து ஜெபித்தார்கள். தெரிவான ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை உரையாசிரியர் பலர் சுட்டியிருக்கிறார்கள். அதாவது, குறைபட்டவர்களின் பக்கத்து ஆட்கள் கையிலேயே அகப்பை கொடுக்கப்பட்டது. இவ்வேலைக்குப் பழைய தமிழ் வேதாகமம் இட்ட பெயர் பந்தி விசாரணை. இதைவிடப் பொருத்தமான பெயரைத் தமிழில் தேடினாலும் கிடைக்காது. யாருக்கு இலை விழவில்லை என்று விசாரிப்பதுதான் அப்பதவி. (குறைபட்டவர்கள் பெண்கள், தெரிவான எழுவரும் ஆண்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அக்குறை இன்றும் முற்றத் தீர்ந்தபாடில்லை.)

தமிழ் மண்ணிலும் இவ்வுரிமை எளிதில் கிட்டியதன்று. சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராக லண்டனில் இருந்த ஹென்றி வென், சுதேசத் திருச்சபை தன்னைத் தானே தாங்கவும் ஆளவும் பரப்பவும் வேண்டும் என்று எழுதிவந்தார். அதன் விளைவாக 1860-களின் இறுதியில் திருநெல்வேலியில் சுதேச சபை மன்றங்கள் உருவாயின. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், சபையாரே தம் சபையை ஆள வேண்டும் என்னும் காங்கிரிகேஷனல் மரபினது. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானபோது, இந்தியரால் ஆள முடியுமா என்று ஐயுற்றவர்கள் திருச்சபைக்கு உள்ளேயே இருந்தார்கள். 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஒன்றிணைப்புப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியது. பேராயர் ஆட்சியை மட்டும் வைத்துக்கொண்டு சபையாரின் வாக்கைக் கைவிடுவதாயிருந்தால் அவ்விணைப்பு நிகழ்ந்திருக்காது. காரைக்குடிப் பக்கத்துச் சபைகள் அடங்கிய மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயரான லெஸ்லி நியூபிகின், பேராயரே இல்லாத ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து வந்தவர் என்பதை நினைவிற் கொள்க. இத்தனை பேர் இத்தனை காலம் வாதாடிப் பெற்றதை 'ஆவிக்குரிய காரியம்' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

ஆனால் சபையாரின் குரல் என்றாலே நீதியின் குரல் என்று நாம் மயங்கவில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் எதிர்த்து வெளியேறியவர்கள் சபையாரே. அன்று பெட்டி வைத்து வாக்கெடுத்திருந்தால் சாதி வென்றிருக்கும். இன்றும் அணிகள் பட்டியல் தயாரிக்கும்போது முதலில் எதை எண்ணிப் பார்க்கின்றன என்பதைத் தென்மாவட்டத்தார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பான்மையை மட்டும் எண்ணினால் இலை விழாதவர் கணக்கில் வரவே மாட்டார். அணித்தலைவர்களுக்கு நம் விடை இதுவே.

இன்றைய நிலைமை என்ன? 2023 ஜூன் மாதம் பாளையங்கோட்டைத் திருமண்டல அலுவலகத்தில் பதவிப் பூசல் முற்றிப் போதகர் ஒருவர் தாக்கப்பட்ட காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், தென்னிந்தியத் திருச்சபையின் சினாடு நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது. சபை மூப்பர்கள் தம் வழக்கை வெளியே கொண்டுபோகலாகாது என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலின் நிருபத்தை ஆலயங்களில் இன்றும் வாசிக்கிறார்கள். வாசித்து முடித்ததும் வக்கீல் வீட்டுக்கு நடக்கிறார்கள். நீதிமன்றத்தை நாம் குறைகூறவில்லை. உள்ளே கணக்குக் கேட்க வழியில்லாதபோது வெளியே போய்த்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வழக்கின் செலவும் யாருடைய சங்கக் காணிக்கையிலிருந்து போகிறது?

இவ்வளவு ஆவேசமாகப் போட்டியிட அப்பதவியில் என்ன இருக்கிறது? சம்பளம் இல்லை. இருப்பது நிலம், கட்டடம், கடை வாடகை. எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர் நியமனம். ஓர் உதவிபெறும் பள்ளி வேலைக்கு என்ன விலை சொல்லப்படுகிறது என்பது டீக்கடைப் பேச்சாகிவிட்டது. முதுகலை முடித்து, தகுதித் தேர்வும் எழுதிவிட்டு வந்து 'ஐயா, அங்கே யாரையாவது தெரியுமா?' என்று கேட்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்ப்பவர்கள் நாம். என்ன படிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை, யாரைப் பார்க்க வேண்டும் என்றே கேட்கிறார்கள். இலை விழாதவர்கள் இவர்கள்தாம். சபைக்குள் இருக்கும் ஏழை வீட்டுப் பிள்ளையும் இவர்களில் உண்டு. அவருக்கு வாக்கு உண்டு, வேலை இல்லை.

கானாடுகாத்தான் தெருக்களில் நடப்பவர் அரண்மனை போன்ற வீடுகளின் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் வியந்துவிட்டுப் போகிறார்கள். அவற்றை எழுப்பிய கணக்குமுறையை எவரும் எண்ணுவதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்கப் போன முகவர்கள் பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் போனார்கள். தவணை முடிந்ததும் ஊர் திரும்பி, முதலாளி முன் ஐந்தொகையை வைத்துக் கணக்கு ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்து, அது ஏற்கப்பட்ட பிறகே அடுத்த தவணை பற்றிய பேச்சு. தான் அடுத்த முறையும் போக வேண்டும் என்று கேட்கும் முகவர், கணக்கை விட்டுவிட்டுத் தன் படத்தை அச்சிட்டு அனுப்பியிருந்தால் முதலாளி என்ன செய்திருப்பார் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறோம். சேகரத் தேர்தலில் சபையார் முதலாளி, நிற்பவர் முகவர். இன்று முகவர் மாலையோடு வருகிறார். முதலாளி கைகூப்பி எழுந்து நிற்கிறார்.

இவ்வுவமையையும் நாம் எல்லைமீறி இழுக்கவில்லை. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கைக்கு வந்த விளைநிலம் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடு. பெருமந்தத்தில் கடன் மூழ்கியதால் 1938-இல் அது 25 விழுக்காடு. செம்மையான அந்த ஐந்தொகைகளில் நிலமிழந்த பர்மிய உழவனுக்கென்று ஒரு பத்தி கிடையாது. முதலாளிக்குக் கணக்குக் காட்டினால் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று. காட்டாமலே இருக்கலாம் என்பதற்குச் சான்று அன்று.

தமிழாசிரியர்கள் பெருமையோடு சொல்லும் உத்தரமேரூர்க் குடவோலையையும் பார்ப்போம். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் அவை. உலகின் முதல் மக்களாட்சி என்று மேடைகளில் முழங்குகிறோம். அது மக்களாட்சி அன்று. பிராமண ஊர்ச்சபைக்குள், நிலமும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கு உரிய திருவுளச்சீட்டு. ஆனால் அக்கல்வெட்டில் முழங்க வேண்டிய விதி ஒன்று உண்டு. அதை யாரும் முழங்குவதில்லை. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவர் பெயர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும். பொறுப்புக் காலம் 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளில் பொறுப்பு வகித்தவர் மீண்டும் நிற்க முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டியதை, கணினியில் வாக்காளர் பட்டியல் அடிக்கும் நாம் காகிதத்தில்கூட எழுதிக்கொள்ள மறுக்கிறோம். தந்தைக்குப் பின் மகன், மைத்துனனுக்குப் பின் மருமகன் என்று நடக்கும் சேகரங்களில் இவ்விதியை வாசித்துக் காட்ட ஒரு குருவானவருக்காவது துணிவு உண்டா?

உள்ளிருப்பவரே உள்ளிருப்பவரைத் தேர்ந்துகொள்ளும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஏழைகளுக்கு உதவி பங்கிடும் பொறுப்பு ஒருகாலத்தில் வெஸ்ட்ரிகளிடம் இருந்தது. அவற்றுட் பல, வெற்றிடம் விழுந்தால் தம் ஆளையே நிரப்பிக்கொள்ளும் மூடிய குழுக்களாகி, ஊழலுக்குப் பெயர் பெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு நெடுகிலும் அவற்றின் அதிகாரம் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டது. 1921-இல் திருச்சபைக் காரியங்களும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை மன்றங்களுக்கு மாறின. தானே திருந்தாத குழுவைப் பிறர் திருத்துவர். திருத்துகிறவருக்கு அதன் சுதந்திரத்தில் அக்கறை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிறுபான்மை உரிமை பற்றிக் கவலைப்படுவோர் முதலில் கவலைப்பட வேண்டியது இதற்காகத்தான்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. ஒன்று: வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் முன்னதாகத் தணிக்கை செய்யப்பட்ட சேகரக் கணக்கு, தமிழில், ஆலயச் சுவரில் ஒட்டப்பட வேண்டும், கணக்கு முடிக்காதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் நிற்கலாகாது. இரண்டு: ஆசிரியர் நியமனம் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கையிலிருந்து முற்றாக விலக வேண்டும், எழுத்துத் தேர்வும் மதிப்பெண் பட்டியலும் வெளிப்படையாக இருக்க வேண்டும். இவ்வொன்று நடந்தாலே துண்டறிக்கைகளில் முகங்கள் குறையும். மூன்று: பாதி இடம் பெண்களுக்கு, எஞ்சியதில் இதுவரை எந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லையோ அத்தெருவுக்கு முதலிடம். தென்னிந்தியத் திருச்சபை 2013-இல் நந்தியாலில் ஒரு பெண்ணைப் பேராயராக்கியது. சேகரக் கமிட்டியில் உட்கார மட்டும் பெண்ணுக்குத் தகுதி போதாதா? நான்கு: அணிப் பட்டியல் ஒழிந்து, ஒவ்வொருவரும் சபை முன் தனியே எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: 'நம் சபையில் இன்று யாருக்கு இலை விழவில்லை?'

நெல்லைச் சீமைச் சபைகளில் அசனப் பண்டிகை என்று ஒன்று உண்டு. ஊரே கூடி ஆக்கி, ஊரே உட்கார்ந்து உண்ணும். அங்கே பரிமாறுகிறவர் தமக்கு முதலில் இலை போட்டுக்கொண்டால் அதே இடத்தில் யாராவது ஒரு பாட்டி கையைப் பிடித்துக் கேட்டுவிடுவாள். பந்தியில் கேட்கத் தெரிந்த சபைக்குக் கமிட்டியிலும் கேட்கத் தெரியும். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வாக்குக் கேட்டு வாசலில் நிற்பவரிடம் துண்டறிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டு, போன தவணைக் கணக்கு எங்கே என்று கேளுங்கள். அவர் சிரித்து மழுப்பினால், பக்கத்தில் நிற்பவரும் அதையே கேட்கும்படி சற்று உரக்கக் கேளுங்கள்.