கதவைச் சாத்த வேண்டாம், முகக்கவசம் அணிவோம்

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், வண்டலூர் எனத் தென்சென்னைப் புறநகர் முழுவதும் முதியோர் இல்லங்கள் பெருகிவிட்டன. அறக்கட்டளைகள் நடத்தும் இலவச இல்லங்களும் உண்டு; மாதக் கட்டணம் வாங்கும் தனியார் இல்லங்களும் உண்டு; வாடகை வீட்டில் பத்துக் கட்டில் போட்டு நடத்துபவையும் உண்டு. பார்க்க வருபவர்களும் பணியாளர்களும் எப்போது முகக்கவசம் அணிய வேண்டும் என்பதை ஒவ்வோர் இல்லமும் தன் மனம்போலத் தீர்மானித்துக்கொள்கிறது. ஓரிடத்தில் வாசலிலேயே முகக்கவசம் கொடுக்கிறார்கள். அடுத்த தெருவில் இருமிக்கொண்டே உள்ளே போனாலும் கேட்க ஆளில்லை. இந்த நிலை மாற வேண்டும். முதியோர் இல்லங்களுக்கென்று தெளிவான, எழுதப்பட்ட முகக்கவச விதியை அரசு கொண்டுவர வேண்டும்.

இது தமிழகத்துக்குப் புதிய யோசனை அன்று. 2023 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் மருத்துவர், செவிலியர், நோயாளி, பார்க்க வருபவர் என அனைவரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அறிவித்தது. இன்புளூயன்ஸா காய்ச்சல் பரவி, கொரோனாவும் மறுபடி தலைதூக்கிய நேரம் அது. மருத்துவமனைக்குள் இருப்பவர்கள் பலவீனமானவர்கள் என்பதே அந்த முடிவுக்குக் காரணம். முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் அவர்களைவிட வலுவானவர்களா? சர்க்கரை, இதயநோய், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களும், மூக்குவழிக் குழாயில் உணவு எடுப்பவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் பெயர்ப்பலகையில் ‘மருத்துவமனை’ என்று இல்லாததால் அந்த விதி அவர்களை எட்டவில்லை. இல்லங்களைப் பதிவுசெய்து கண்காணிப்பது சமூக நலத் துறை. தொற்றுநோயைக் கண்காணிப்பது சுகாதாரத் துறை. இரண்டு துறைகளுக்கும் நடுவே விழுந்துகிடப்பது நம் பெற்றோரின் பாதுகாப்பு.

2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021இல் அது 13.6 சதவீதம் ஆகியிருக்கும் என்பது அரசின் கணிப்பு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் மிகுந்தது நம்முடையது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வேலைபார்க்கும் காலத்தில் இல்லங்களின் தேவை இனியும் கூடத்தான் செய்யும். விதியை இப்போதே எழுதிவைப்பதுதான் அறிவுடைமை.

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் விலைகொடுத்துக் கற்றிருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிர்க்லாந்து நகரின் பராமரிப்பு இல்லம் ஒன்றில் 2020 பிப்ரவரி இறுதியில் கொரோனா கண்டறியப்பட்டது. சில வாரங்களுக்குள் அந்த இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 101 பேர் அங்கே வசித்தவர்கள், 50 பேர் பணியாளர்கள், 16 பேர் பார்க்க வந்தவர்கள். தொற்றிய முதியவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். உடல்நலம் சரியில்லாமலே பணியாளர்கள் வேலைக்கு வந்ததும், ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலைபார்த்ததும் பரவலுக்குக் காரணங்களாக இருந்தன என்று விசாரணை சொன்னது.

இந்த இரண்டு காரணங்களும் நம் ஊருக்கும் பொருந்தும். ஏஜென்சி மூலம் வரும் பராமரிப்புப் பெண்கள் மின்சார ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் நெரிசலில் பயணம் செய்து வேலைக்கு வருகிறார்கள். பகலில் ஓர் இல்லம், இரவில் ஒரு வீடு என்று உழைப்பவர்கள் அவர்கள். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தால் அன்றைய கூலி போய்விடும். குற்றம் அவர்களுடையது அன்று. ஊதியத்துடன் கூடிய நோய்விடுப்பு கொடுக்காத முறையின் குற்றம்.

வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினால் போதும் என்ற நம்பிக்கை இன்னும் பல இல்லங்களில் இருக்கிறது. அதே வாஷிங்டன் மாநிலத்தின் மற்றோர் இல்லத்தில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தபோது, தொற்று உறுதியானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த நேரத்தில் எந்த அறிகுறியும் இல்லை. காய்ச்சலே வராதவரை வெப்பமானி எப்படிக் கண்டுபிடிக்கும்? நோய் இருப்பது தெரியாமல் வருபவரிடமிருந்தும் முதியவரைக் காக்கக்கூடியது முகக்கவசம்.

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முகக்கவசத்தால் பயனே இல்லை என்று 2023இல் வந்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. அப்படிப் பொருள் கொள்வது தவறு என்று காக்ரேனின் தலைமை ஆசிரியரே பின்னர் விளக்கம் அளித்தார். மக்களை முகக்கவசம் அணியச் சொல்லி ஊக்குவிக்கும் முயற்சிகள் பலன் தருகின்றனவா என்பதே அங்கே ஆராயப்பட்ட கேள்வி. அதற்கும் உறுதியான விடை கிடைக்கவில்லை. சரியாக அணிந்த என்-95 கவசம் மிக நுண்ணிய துகள்களிலும் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கிறது என்பது ஆய்வகத்தில் நிறுவப்பட்டது.

இன்னொரு வாதம் கூடுதல் மதிப்புக்குரியது. காது மந்தமானவர்கள் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். மறதிநோய் உள்ளவர்கள் மூடிய முகத்தைக் கண்டு மிரளக்கூடும். பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் தவிக்கக்கூடும். இது உண்மை. ஆகவே விதியில் விலக்கு வேண்டும். அத்தகையவர்களை மரத்தடியிலோ திறந்த தாழ்வாரத்திலோ, சற்றுத் தள்ளி அமர்ந்து முகம்காட்டிப் பேச அனுமதிக்க வேண்டும். கோடையின் புழுக்கத்தில் நாள் முழுதும் கவசத்தோடு வேலைசெய்வது கடினம் என்பதும் உண்மை. ஆண்டு முழுவதும் அணியச் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தொற்றுக்குப் பயந்து கதவையே சாத்துவது. பெருந்தொற்றுக் காலத்தில் பெற்ற பிள்ளையின் முகத்தை மாதக்கணக்கில் பார்க்காமலே எத்தனையோ முதியவர்கள் வாடினார்கள். நெதர்லாந்தில் 2020 மே மாதம் 26 இல்லங்கள், தற்காப்பு விதிகளை வகுத்துக்கொண்டு பார்வையாளர்களை மறுபடி உள்ளே விட்டன. அடுத்து வந்த வாரங்களில் அந்த இல்லங்களில் புதிய தொற்று ஏதும் பதிவாகவில்லை. விதி ஒழுங்காக இருந்தால் உறவையும் காக்கலாம், உயிரையும் காக்கலாம்.

நுரையீரல் நோய்க்கும் தாம்பரத்துக்கும் நெடிய தொடர்பு உண்டு. 1928இல் மருத்துவர் சவுரி முத்து இங்கே காசநோய்ச் சிகிச்சையகம் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அதுவே தாம்பரம் சானடோரியத்தின் அரசு நெஞ்சக மருத்துவமனை. தூய காற்றையும் திறந்த வெளியையும் மருந்தாகக் கருதிய காலத்தின் பிள்ளை அது. அந்தப் பாடம் இன்றும் செல்லும். சன்னலை அடைத்து ஏசி போட்ட அறையில் முகக்கவசம் மட்டும் போதாது. காற்றும் வந்துபோக வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். சென்னைப் பகுதியில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் சளிக்காய்ச்சல் கூடுகிறது. அக்டோபர் முதல் ஜனவரி முடிய, முதியோர் இல்லத்துக்குள் வரும் எவரும், அங்கே வேலைபார்க்கும் எவரும் முகக்கவசம் அணிவதைக் கட்டாயமாக்க வேண்டும். மற்ற மாதங்களில் இல்லத்தில் இருவருக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, சுகாதாரத் துறை எச்சரித்தாலோ அதே விதி உடனே நடைமுறைக்கு வர வேண்டும். கவசத்தை வாசலிலேயே இல்லம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதன் செலவைப் பராமரிப்புப் பெண்களின் கூலியில் பிடிக்கக் கூடாது. காய்ச்சல் வந்த பணியாளருக்கு ஊதியத்துடன் விடுப்பு வேண்டும். இலவச இல்லங்களுக்குக் கவசங்களை அரசே வழங்க வேண்டும். எந்தச் சூழலிலும், மரணப் படுக்கையில் இருப்பவரைப் பார்க்க வரும் உறவினரைத் தடுக்கக் கூடாது.

அபராதம் இதற்கு வழியாகாது. பொது இடங்களில் முகக்கவசம் அணியாதவருக்கான அபராதத்தை 2022 ஜனவரியில் 200 ரூபாயிலிருந்து 500 ரூபாய்க்கு அரசு உயர்த்தியது. ஆனால் பெற்றோரைப் பார்க்க வரும் பிள்ளையிடம் அப்படி ரசீதுப் புத்தகத்தை நீட்டத் தேவையில்லை. விதியை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு இல்ல நிர்வாகத்துக்கு உரியது. தவறினால் பதிவைப் புதுப்பிக்கும்போது நிர்வாகமே பதில் சொல்லட்டும்.

2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி இதில் மாநிலத்துக்கே முன்மாதிரியாகலாம். மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவும் செங்கல்பட்டு மாவட்டச் சமூக நலத் துறையும் ஒன்றாக அமர்ந்து, பதிவுள்ளவை, பதிவில்லாதவை எல்லாவற்றையும் சேர்த்துத் தங்கள் எல்லைக்குள் இருக்கும் இல்லங்களின் பட்டியலை முதலில் எடுக்கட்டும். இந்த விதியை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதி ஒவ்வோர் இல்லத்தின் வாசலிலும் ஒட்டட்டும். அடுத்த பருவமழை தொடங்கும் முன்பே இதைச் செய்து முடிக்க முடியும். பெரிய நிதியோ புதிய சட்டமோ இதற்குத் தேவையில்லை. நம் முதியவர்களின் மூச்சு முக்கியம் என்று நினைக்கும் நிர்வாகம் இருந்தால் போதும்.