எண்ணியதால் ஏறவில்லை

"2020இல் கொரோனா எண்ணிக்கை ஏறியது பரிசோதனையைக் கூட்டியதால்தான், சென்னையில் கோயம்பேடு சந்தையை மூடியது வீண் பீதி" என்று நண்பர் ஒருவர் இன்னமும் அடித்துப் பேசுகிறார். பரிசோதனை மட்டுமே காரணம் என்றால், நூறு பேரைச் சோதித்ததில் எத்தனை பேருக்குத் தொற்று என்ற விகிதம் இறங்கியிருக்க வேண்டும். அந்த மே, ஜூனில் சென்னையில் அது ஏறியது. கணக்கு அங்கேயே உடைகிறது.

கோயம்பேட்டை நள்ளிரவில் பார்த்தவருக்கு விகிதமே தேவையில்லை. லாரியின் மேலிருந்து ஒருவர் வெங்காய மூட்டையைத் தள்ளுவார், கீழே நிற்பவர் தலையில் வாங்குவார். இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு சாண். பக்கத்தில் ஏலம் கூவுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார். மே 5ஆம் தேதி சந்தையை மூடுவதற்குள் கூலியாட்கள் பலர் ஊர் திரும்பியிருந்தார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் எண்ணிக்கை எகிறியது அவர்கள் திரும்பிய பிறகுதான்.

நண்பர் அரசைக் குறை சொல்ல விரும்பினால் நானும் சேர்ந்துகொள்வேன். சந்தையை முன்பே பிரித்திருக்கலாம். வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்ததும், தெருவெல்லாம் கிருமிநாசினி தெளித்ததும் வெறும் கண்காட்சி.

ஆனால் "மிகைப்படுத்தினார்கள்" என்பது மட்டும் வேண்டாம். சென்னையில் விடுபட்ட 444 மரணங்களை அரசே 2020 ஜூலை 22 அன்று கணக்கில் சேர்த்தது. நடந்தது குறைத்துக் காட்டியது.

இருமலோடு அடுத்த கல்யாணப் பந்திக்குப் போவதாக இருந்தால், ஐயா, தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள்.